ஒட்டுமீசைத் தீர்மானம்

பெண்ணைத் தெய்வமாக மதிக்கும் ஊர் என்று இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றைத்தான் காட்டலாம் என்றால், பேரையூருக்கு மேற்கே, பஸ் நினைத்தால் நிற்கிற, நினைக்காவிட்டால் ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போகிற ஓடைமேட்டுப்பட்டியைத்தான் காட்ட வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் பெண்ணை மதிப்பதாக வாயால் சொல்வார்கள். ஓடைமேட்டுப்பட்டியில் அதற்குக் கயிறே கட்டியிருக்கிறார்கள். சீலைக்காரி அம்மன் திருவிழா அன்று, மஞ்சள் பூசிய அந்தக் கயிற்றுக்கு அங்கிட்டுப் பெண்கள் நிற்பார்கள். சாமிக்குப் பக்கத்தில் வந்தால் கூட்டத்தில் நசுங்குவார்கள், சாம்பிராணிப் புகை கண்ணை எரிக்கும் என்ற கருணைதான் காரணம். புளியமரத்து நிழல் முழுவதும் கயிற்றுக்கு இங்கிட்டே விழுகிறது என்றால், அது மரத்தின் தவறு.

சீலைக்காரி பெண் தெய்வம். ஆகவே அவளைத் தொடுவது, தூக்குவது, அலங்கரிப்பது, அவளுக்குப் படைத்ததைத் தின்பது ஆகிய சிரமங்களை எல்லாம் ஆண்களே ஏற்றுக்கொண்டார்கள். பெண்கள் மனம் நோகக் கூடாதே என்று பாத்திரம் கழுவுவதை மட்டும் விட்டுவைத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் விழாக் குழுச் செயலாளர் அழகுராஜாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றாரே தவிர, அந்த ஆபீஸ் தமிழ் அவரை விட்டு ஓய்வு பெறவில்லை. வீட்டு ரசத்தில் உப்பு குறைந்தால்கூட, "மேற்படி ரசம் சம்பந்தமாக..." என்றுதான் ஆரம்பிப்பார்.

சீலைக்காரிக்குச் சிலை கிடையாது. ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஒரு பழைய சீலை. அதுதான் ஆத்தா. பங்குனித் திருவிழா அன்று காலையில், பெட்டிக்கு உரிமைப்பட்ட வம்சத்து ஆண் ஒருவர் ஊருணிக் கரையில் உட்கார்ந்து மீசையை எடுப்பார். பிறகு பெட்டிச் சீலையைக் கட்டுவார், கண்ணாடி வளையல் போடுவார், பொட்டு வைப்பார். உறுமி அடித்ததும் ஆத்தா அவர் மேல் இறங்குவாள். பெட்டியைத் தலையில் ஏற்றித் தெருத்தெருவாகப் போவார். ஊரே "ஆத்தா" என்று காலில் விழும்.

"மீசையை எடுத்து வைக்கிறதுன்னா ஆண்மையையே காணிக்கை வைக்கிறது" என்று அழகுராஜா வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவார். அடுத்த வாரமே முளைத்துவிடுகிற காணிக்கை என்பதால் எல்லோருக்கும் சௌகரியம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மீசை எடுப்பதற்கு முன்பு பெட்டிக்காரர் மைக்கில் ஓர் உத்தரவு சொல்வார். அதை மறுக்கக் குழுவுக்கே அதிகாரம் இல்லை. பல வருடங்களாகப் பெட்டிக்காரராக இருந்த சுருளி, "எல்லாரும் நல்லா இருங்கப்பா" என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. ஆகவே மறுக்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

சுருளிக்குச் சீலை அவ்வளவு பாந்தமாக இருக்கும். ஆனால் அவருடைய ஒரே பிள்ளை, பதினாறு வயதில் அம்மா ஒச்சாயியின் சீலையைக் கட்டிக் கண்ணாடி முன்னால் நின்றதைப் பார்த்தபோது, அதே சுருளி மாட்டுக் கயிற்றை எடுத்தார். ஊர் கூடிப் பிள்ளையை விலக்கி வைத்தது. அப்பன் கட்டினால் பக்தி, பிள்ளை கட்டினால் அசிங்கமா என்று அப்போது யாரோ கேட்டார்கள். அழகுராஜா மிக அழகாகப் பதில் சொன்னார்:

"அண்ணன் கட்டுறது சாமிக்காக. இது கட்டுறது தனக்காக. தனக்காக ஒரு காரியம் பண்றது நம்ம ஊர் வழக்கத்துல இல்ல."

பிள்ளை மதுரைக்குப் போனது. அங்கே தாமரைச்செல்வி ஆனாள். ஓடைமேட்டுப்பட்டி நிம்மதியாக ஆத்தாவைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

போன வருடம் சுருளி இறந்துபோனார். இந்தப் பங்குனிக்குப் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும். வம்சத்து ஆண்களை வரிசையாக உட்கார வைத்து உறுமி அடித்தார்கள். அழகுராஜா தம் மகன் சூரியபிரகாஷை முதல் வரிசையில் உட்கார்த்தினார். பையன் இன்ஜினியரிங் முடித்தவன், வேலையும் இல்லை, ஆத்தாவுக்கு வசதியாக இருக்கும். நெடுநேரம் அடித்த பிறகு பையனின் தோள் லேசாக ஆடியது. அழகுராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோடாங்கி கருப்பு, உடுக்கையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து கேட்டார்:

"வந்திருக்கிறது யாரு? சொல்லு!"

"நாந்தாண்ணே. கால் மரத்துப்போச்சு."

கருப்பு நிமிர்ந்தார். உடுக்கையை எடுத்து அடித்துக் குறி பார்த்தார்.

"இவுக யாரும் இல்ல. சுருளி பெத்தது உசுரோட இருக்கு. அது வராம பெட்டி அசையாது."

"அது ஆம்பளை இல்லையேப்பா" என்றார் குழுத் தலைவர் அசோக்குமார். ரைஸ் மில் வைத்திருப்பவர். மில் சத்தத்தில் பேசிப் பேசி, ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"ஆத்தா அதெல்லாம் பாக்கலயே" என்றார் கருப்பு.

"ஆத்தா பாக்கலைன்னா நாமதான் பாக்கணும். குழு எதுக்கு இருக்கு?" என்றார் அழகுராஜா. ஆனாலும் அவரும் அசோக்குமாரும் மறுநாள் மதுரைக்குப் பஸ் ஏறினார்கள்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் தாமரைச்செல்வியின் கடை. கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறாள். இழுத்துக் கட்டிய பச்சைத் துணியில் ஒரு மயிலுக்கு மணி கோத்துக்கொண்டிருந்தவள், வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்க பெரியப்பா. வாங்க சித்தப்பா. ஒக்காருங்க. டீ சொல்லவா?"

அழகுராஜாவுக்கு முதல் சிக்கல் அங்கேயே வந்தது. தம்பி என்று கூப்பிட எதிரில் தம்பி இல்லை. பாப்பா என்று கூப்பிட்டால் குழுவின் "கொள்கை" என்ன ஆவது? தொண்டையைச் செருமினார்.

"வாரிசு அவர்களே..."

"யாரு?"

"மேற்படி பெட்டியின் வாரிசு. அதாவது நீ... நீங்க."

அசோக்குமார் நேராக விஷயத்துக்கு வந்தார். "உங்கப்பன் போய்ச் சேந்துட்டான். பெட்டி அநாதையாக் கெடக்கு. கோடாங்கி உன்னையத்தான் கை காட்டுறான். வந்து தூக்கு."

"அப்பா போனப்ப என்னைய ஊருக்குள்ளயே விடலையே பெரியப்பா. பஸ்ஸை விட்டு எறங்குனவளை அதே பஸ்ஸுல ஏத்திவிட்டீகளே."

"அது வேற தீர்மானம்" என்றார் அழகுராஜா.

"சரி. நான் வந்து என்ன செய்யணும்?"

"சீலை கட்டணும். வளையல் போடணும். பொட்டு வைக்கணும். நாங்கள்லாம் ஆத்தான்னு கும்பிடுவோம்."

தாமரைச்செல்வி தன்னை ஒருதரம் குனிந்து பார்த்துக்கொண்டாள். "கட்டித்தான இருக்கேன்? வளையலும் பொட்டும் இருக்கு. இதுக்குத்தான அன்னைக்கு அடிச்சு வெரட்டுனீக?"

"அப்படி இல்ல" என்றார் அழகுராஜா. "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. வேட்டியில வந்து சீலைக்கு மாறணும். சீலையில வந்து சீலைக்கு மாறுனா அதுல மாற்றம் எங்க இருக்கு?"

"சீலையில வந்தா?"

"பொம்பளை. கயித்துக்கு அங்கிட்டு."

"வேட்டியில வந்தா?"

"ஆம்பளை. தாராளமாச் சீலை கட்டிக்கிரலாம்."

"இம்புட்டுத்தான்" என்றார் அசோக்குமார். "இதுல என்ன கொழப்பம்?"

அப்போதுதான் அழகுராஜா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். புதுக் கவலை ஒன்று பிறந்தது. "மீசை? அதை ஆத்தா காலடியில வைக்கணுமே."

"நான் வைக்க வேண்டியது பூராத்தையும் எப்பவோ வச்சுட்டேன் சித்தப்பா. மீசையோட நிறுத்தல."

இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் ஃபேனை அண்ணாந்து பார்த்தார்கள். ஃபேன் ஓடவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

தாமரைச்செல்வி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "நான் வாரேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். பெட்டி எடுக்கிறவுக பேரை மைக்குல சொல்லுவீகள்ல? 'சுருளி மகன் இன்னார்'னு? அதுல சுருளி மகள் தாமரைச்செல்வின்னு ஒரு தடவை சொல்லுங்க. எங்கம்மா காதுல விழணும். ஊரு காதுல விழணும். வேற எதுவும் வேண்டாம்."

"அது மட்டும் நடக்காது. பொம்பளை பேரை மைக்குல சொன்னா வழக்கம் கெட்டுப்போகும்" என்றார் அசோக்குமார்.

"திருவிழாவே ஒரு பொம்பளைக்குத்தான பெரியப்பா?"

"ஏய்! சாமியைப் போய்ப் பொம்பளைங்கிற?" அசோக்குமாருக்கு உண்மையாகவே மனசு வலித்துவிட்டது.

அழகுராஜா நிலைமையைச் சீராக்கினார். நாலு பேருக்கு நல்லது செய்து பழகிய குரல் அது. "பாரு, ஒச்சாயி மதினி ஊருக்குள்ள தனியா இருக்கு. கொழாய்த் தண்ணி, நல்லது கெட்டதுன்னு எல்லாத்துக்கும் ஊரு வேணும். பெட்டி எந்திரிக்கலைன்னா நாளைக்குச் சனம் யாரைப் பேசும்? நான் மெரட்டல. தகவலாச் சொல்றேன்."

தாமரைச்செல்வி பாதி மயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் ஒருவன் தேனி, தேனி, தேனி என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். பிறகு தலை நிமிர்ந்தாள்.

"சரி சித்தப்பா. ஆம்பளையாவே வாரேன்."

"அப்படிச் சொல்லு!"

"ஆனா அரைகொறையா வேண்டாம். ஒரு ஆம்பளைக்கு ஊருல என்னென்ன உண்டோ அம்புட்டும் எனக்கு உண்டுன்னு தீர்மானம் போட்டு, மைக்குல படிச்சிருங்க. நாளைக்கு எவனும் ஒரு பேச்சுப் பேசிறக் கூடாதுல்ல."

அழகுராஜா மெய்சிலிர்த்துப் போனார். இத்தனை வருடத்தில் அவரிடம் ஒரு ஜீவன் தானாக வந்து தீர்மானம் கேட்டது அதுதான் முதல் முறை. டீ குடிக்காமல் வந்தோமே என்று பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. "அது வாங்கித் தந்தாக் குடிக்கலாமாண்ணே?" என்று கேட்டார். "அதுக்கு ஒரு தீர்மானம் போட்டுட்டுக் குடி" என்றார் அசோக்குமார்.

குழு அவசரமாகக் கூடியது. தாமரைச்செல்வி ஆணா பெண்ணா என்ற கேள்வி ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் முடிந்தது. ஆண். ஏகமனதாக. மீசைதான் இழுத்தது. மதுரையில் நாடக சாமான் வாடகைக்கு விடும் கடையில் ஒட்டுமீசை வாங்கிவிடலாம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எந்த மாதிரி மீசை? அரும்பு மீசை வைத்தால் ஆத்தாவுக்குக் காணிக்கை குறைச்சல். கெடா மீசை வைத்தால் தலைவரை விட உயர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளத்தை, தம் மீசையில் விரல் வைத்து அசோக்குமாரே காட்டினார்.

சூரியபிரகாஷுக்கு ஒரு சந்தேகம். "அப்பா, ஒட்டுமீசையைச் செரைச்சா அது எப்படிக் காணிக்கை ஆகும்?"

"ஏன், நெசமீசையைச் செரைச்சு என்ன, பத்திரப்படுத்தியா வைக்கிறோம்? வாயை மூடு."

"இல்லப்பா, அப்ப ஒரு பொம்பளைக்கு மீசை ஒட்டுனாலே அவுக..."

"அவனை வெளிய அனுப்புங்கய்யா" என்றார் அசோக்குமார். படித்த பிள்ளைகளால் பக்திக்கு வருகிற இடைஞ்சல் பெரும் இடைஞ்சல்தான்.

தீர்மானம் இப்படி அமைந்தது: "சுருளியின் வாரிசாகிய நபர், மேற்படி திருவிழாவின் பொருட்டு, ஓர் ஆண்மகனுக்கு உள்ள சகல உரிமைகளும் அதிகாரங்களும் பொருந்திய முழு ஆண் என இக்குழு ஏகமனதாக அங்கீகரிக்கிறது." கடவுள் பல மாதம் எடுத்துச் செய்கிற வேலையை ஓடைமேட்டுப்பட்டி விழாக் குழு ஒரே வாக்கியத்தில் செய்து முடித்தது.

திருவிழா அன்று வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்தது. ஊருணிக் கரையில் நாற்காலி போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கயிற்றுக்கு அங்கிட்டுப் பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். முன்னால் ஒச்சாயி. வெள்ளை வேட்டி, சட்டை, தலைப்பாகை, அசோக்குமார் அளந்து கொடுத்த மீசை எல்லாமுமாகத் தாமரைச்செல்வி ஆட்டோவில் வந்து இறங்கியபோது, ஒச்சாயி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அழகுராஜாவுக்குத் தெரியவில்லை. பெண்கள் சமாசாரம், அவர் ஆராயவில்லை.

மைக்கைப் பிடித்துத் தீர்மானத்தைப் படித்தார். புளியமரத்தில், மோட்டார் ரூமில், பள்ளிக்கூடக் கூரையில் என்று கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்கள் எல்லாம் "முழு ஆண்... முழு ஆண்..." என்று மூன்று ஊருக்கு முழங்கின.

தாமரைச்செல்வி ஆண்கள் வரிசையில் போய், தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டாள். யாரோ பழக்கதோஷத்தில் டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். வேர்வையில் மீசையின் இடப்பக்கம் கழன்று தொங்கியது. அழகுராஜா பதறி ஓடி, தம் கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரின் பாரம்பரியம் அந்தக் கட்டைவிரல் அகலத்தில் நின்றுகொண்டிருந்த நேரம் அது.

சவரக்காரர் கத்தியோடு வந்தார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. இது போயிட்டா நான் ஆம்பளை இல்லையே. ஆம்பளையா ஒரு வேலை பாக்கி இருக்கு. உத்தரவு சொல்லணும்ல?"

"ஆமாமா, முறைதான்" என்று அழகுராஜாவே மைக்கை நீட்டினார். மறுகை மீசையில் இருந்தது.

"எங்கப்பாவுக்கு அப்புறம் நான் சொல்ற உத்தரவு" என்றாள் தாமரைச்செல்வி. "இந்தக் கயித்தை அவுங்க. அங்கிட்டு வெயில்ல நிக்கிற பொம்பளையாளுக பூராம் நெழலுக்கு வரட்டும். பெட்டியில மொதப் பிடி எங்கம்மா ஒச்சாயி பிடிக்கட்டும். அதுதான் என் தலையில தூக்கி வைக்கணும்."

உறுமிக்காரர்களின் குச்சி அந்தரத்தில் நின்றது. அழகுராஜாவின் கட்டைவிரல் தானாக விலகியது.

"என்னய்யா இது?" அசோக்குமார் அவர் காதில் கத்தினார்.

"உத்தரவுண்ணே."

"மாத்தச் சொல்லு."

"பெட்டிக்காரர் சொன்னா சொன்னதுதான். மாத்த வழி இல்ல. வழக்கம்."

"எந்தக் கூமுட்டை போட்ட வழக்கம்?"

"உங்க தாத்தாண்ணே."

அசோக்குமார் அடுத்த வழியைப் பார்த்தார். "குழு தள்ளுபடி பண்ணக் கூடாதா?"

"ஆம்பளை சொன்ன உத்தரவைத் தள்ளுபடி பண்ண விதி இல்லையே."

"ஆம்பளை சொன்னாத்தானய்யா?"

அழகுராஜாவின் முகத்தில் ஒளி பரவியது. தாலுகா ஆபீசில் இத்தனை வருடம் கற்ற வித்தை முழுவதும் அந்த ஒரு நொடிக்காகத்தான் என்று தோன்றியது. மைக்கைப் பறித்தார்.

"இதனால் சகல பொதுமக்களுக்கும் அறிவிப்பது யாதெனில், முந்தைய தீர்மானம் ரத்து செய்யப்படுகிறது! பெட்டி எடுக்க வந்திருப்பவர் ஆண் அல்ல! அவர் சுருளியின் மகள்! பெயர் தாமரைச்செல்வி! பெண்! ஆகவே மேற்படி உத்தரவு செல்லாது!"

குழாய்கள் மூன்று ஊருக்கும் அதைக் கொண்டுபோயின.

தாமரைச்செல்வி எழுந்தாள். மீசையைப் பிய்த்து அழகுராஜாவின் கையில் வைத்தாள். தலைப்பாகையை அவிழ்த்தாள். பின்னல் முதுகில் விழுந்தது.

"அம்மாவுக்குச் சரியாக் கேட்டிருக்காது சித்தப்பா. இன்னொரு தடவை சொல்லுங்க."

அறிவிப்பை இருமுறை வாசிப்பது ஆபீஸ் முறை. யோசிக்கும் முன்பே அழகுராஜாவின் வாய் திறந்துவிட்டது. முன்னதைவிடத் தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"சுருளியின் மகள்... தாமரைச்செல்வி... பெண்!"

கயிற்றுக்கு அங்கிட்டிருந்து ஒரு குலவை எழுந்தது. ஒச்சாயிதான் ஆரம்பித்தாள். பிறகு யார் யார் சேர்ந்தார்கள் என்று குறித்துக்கொள்ள அழகுராஜாவால் முடியவில்லை. எல்லார் வாயும் முந்தானைக்குள் இருந்தது. தாமரைச்செல்வி நடந்து போனாள். பெண்கள் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்கள். அவள் குனிந்து அங்கிட்டுப் போனாள்.

"வேட்டி நல்லாவே இல்லடி ஒனக்கு" என்றாள் ஒச்சாயி. "வா, வீட்டுல என் சீலை ஒண்ணு இருக்கு."

"பெட்டி?" என்று அசோக்குமார் இங்கிட்டிருந்து கத்தினார். "ஏய், பெட்டியை யாரு தூக்குறது?"

"பொம்பளை தொடக் கூடாதுல்ல பெரியப்பா" என்ற குரல் வந்தது. அம்மாவும் மகளும் ஊர்த்தெருவில் நடந்து போவதை ஊரே நின்று பார்த்தது.

நாற்காலிக்காரர்கள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். எல்லோருக்கும் மீசை இருந்தது. ஆத்தா ஒருவர் பக்கமும் திரும்பிப் பார்க்கவில்லை. "நீ ஒருதரம் ஆடிப் பாருடா" என்று அழகுராஜா மகனிடம் சொன்னார். அவன் போனைப் பார்ப்பதுபோல நகர்ந்துவிட்டான்.

ஆனாலும் ஓடைமேட்டுப்பட்டியைக் குறை சொல்ல முடியாது. ஒருத்தி பெண்தான் என்று ஒப்புக்கொள்ள உலகத்தில் எங்கெங்கோ டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்கிறார்கள், கெசட்டில் பேர் வரவில்லையே என்கிறார்கள், கோர்ட்டுக்கு நடக்க விடுகிறார்கள். இங்கே அந்த அலைச்சல் எதுவும் கிடையாது. அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது செல்லாது என்று அறிவித்த அந்தக் கணமே அவளைப் பெண் என்று முழு மனதோடு ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.